தலைக்கு மேல் ஏதோ

அச்சடித்து வந்த பட்டியலில்
பாதிப் பேருக்குப் பெயர் நடுவே வெற்றுக் கட்டம்.
புள்ளி, கோடு, கொக்கி, வால், குட்டித் தொப்பி
எல்லாவற்றையும் கணினி
மென்று விழுங்கியிருந்தது.
செகெட் நகரத்துக் கயாக் போட்டிக்கு
இருபத்திரண்டு வருடமாக நான்தான் அறிவிப்பாளர்,
வஷ்டக் எதெல்கா.
முதலில் குடும்பப் பெயர். எங்கள் ஊர் வழக்கம் அப்படி.

பென்சிலைச் சீவிக்கொண்டு
விடுதி விடுதியாகப் போன் போட்டேன்.
உன் பெயரை நீயே ஒருமுறை சொல்.
அவசரமில்லை, இரண்டு முறையாகச் சொல்.

போலந்துப் பையன் வோன்ஷிக் சிரித்தான்:
எழுத்துக்குக் கீழேதான் வால் தொங்குகிறது,
சத்தம் மட்டும் மூக்குக்கு ஏறிவிடும்.
அவன் தோழன் பெயரில் ł,
இடுப்பில் ஒரு வெட்டு வாங்கிய எழுத்து.
வெட்டுப்பட்ட கோபத்தில் நாக்கை விட்டு
உதட்டுக்குக் குடிபோய்விட்டதாம்.

டென்மார்க்காரி å என்றாள்.
தலையில் வளையம் போட்ட ஒற்றை எழுத்து.
அவர்களுக்கு அதுவே ஓடை.
எங்கள் ஓடைக்கு இரண்டு எழுத்து வேண்டியிருக்கிறது,
அதில் ஒன்றுக்குத் தலையில் கோடு வேறு.

எஸ்தோனியாப் பெண்ணின் பெயர் õவில் தொடங்குகிறது,
மேலே ஒரு சின்ன அலை.
ஒகரம் சொல்லப் புறப்படுங்கள்,
ஆனால் உதட்டைக் குவிக்காதீர்கள், என்றாள்.
குவிக்காமல் எப்படி?
புன்னகைக்கப் போய் மனம் மாறின மாதிரி.
குளியலறைக் கண்ணாடி முன் நின்று
முப்பது முறையாவது மனம் மாறினேன்.
பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.
அந்தப் பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருளாம்.

கடைசியாக, பதினொரு மணிக்கு,
செக் நாட்டுப் பையன்.
வெறும் ரகரமாகச் சொன்னான் தன் பெயரை.
தம்பி, உன் முதல் எழுத்தின் மேல்
கொக்கி ஒன்று இருக்க வேண்டுமே, என்றேன்.
கொஞ்ச நேரம் போனில் மூச்சு மட்டும்.
தெரியும். எனக்கு அது வராது.

இரண்டு பேச்சுப் பயிற்சியாளர்கள், ஐந்து வருடம்,
சனிக்கிழமை தோறும்.
பள்ளியில் வருகைப்பதிவின்போது
பெயர் சொல்லாமல் கை மட்டும் தூக்குவானாம்.
இருங்கள், அறைத் தோழனிடம் கொடுக்கிறேன்.
தோழன் சொல்லிக் காட்டினான் ř.
ரகரம் உருண்டுகொண்டிருக்கும்போதே
அதன் முதுகில் காற்றை உரசவிட வேண்டும்.
காய்ந்த எண்ணெயில் நீர்த்துளி விழுந்தால்
கேட்குமே, கிட்டத்தட்ட அது.
போன் திரும்பவும் அவன் கைக்கு வந்தது.
நாளைக்கு நீங்கள் சரியாகச் சொல்லிவிடுங்கள், என்றான்.
பிறகு, என்ன நினைத்தானோ, வைத்துவிட்டான்.

மறுநாள் எதிர்க்காற்று.
ஏழாவதாக வந்தான். பதக்கம் எதுவும் இல்லை.
நான் சொன்னேன்.
ஒலிபெருக்கியின் கரகரப்பும் கூடவே உதவியது
(அதற்குத் தனி நன்றி).
கோட்டைத் தாண்டிய படகில்
துடுப்பை மடியில் குறுக்கே வைத்துவிட்டு
ஒலிபெருக்கி எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று
அவன் தேடிக்கொண்டிருந்தான்,
யாரோ தன்னைத்தான் கூப்பிட்டதுபோல்.

இத்தனையும் தப்பில்லாமல் சொல்லி முடித்தேன்.
மூக்கு, உதடு, வளையம், அலை, கொக்கி.
கடைசிப் பந்தயத்தில் எங்கள் ஊர்ப் பெண்
ஷிப்கா போர்பாலா முதலிடம்.
இனி என்ன, தாய்மொழிதானே என்று
நாக்கு காலை நீட்டிக்கொண்டது.

எங்கள் மொழியில் ö என்றால் இரண்டு புள்ளி, குறில்.
ő என்றால் அந்தப் புள்ளிகளே கோடாக நீண்ட நெடில்.
'வென்றவர் மிகவும் மகிழ்ந்தார்' என்பதற்குக் குறில் போதும்.
நான் நெடிலை இழுத்துவிட்டேன்.
மூவாயிரம் பேர் காதிலும் விழுந்தது:
'வென்றவர் மிகவும் பைத்தியம்.'

மேடையெல்லாம் சிரிப்பு.
எஸ்தோனியாப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை,
ஆனாலும் சிரித்தாள், உதட்டைக் குவிக்காமல்.
போர்பாலா நெஞ்சு ஏறி இறங்க,
மூக்கில் தண்ணீர் ஒழுக,
படகில் இருந்தபடியே என் பக்கம் கத்தினாள்:
அக்கா, திருத்தாதே,
ரெண்டுமேதான்!